34-க்கு 34: மலை ஏற ரோடு பைக்கின் கியரை மாற்றுவது

ரோடு பைக் வாங்கும்போது கடையில் மலையைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. முன்னால் மிதியோடு சுற்றும் இரண்டு பல்வட்டுகளில் (செயின்ரிங்) 50/34 அல்லது 52/36 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28) என்று வரும் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தஞ்சாவூர்ச் சமவெளியிலும் ஒரு குறையும் வைக்காது. அதையே காரவள்ளிக்குக் கொண்டுபோய் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றும்போதுதான் சங்கதி தெரியும். இருக்கும் கடைசி கியரும் தீர்ந்துபோகும். மிதி நிமிடத்துக்கு 50 சுற்றுக்கும் கீழே இறங்கும். முட்டிச் சில்லின் அடியில் வலி எடுக்கும். பலர் இதைத் தங்கள் உடம்பின் குறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் குறையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இருக்கும் பல்வட்டு அடுக்கான கேசட்டில்தான் இருக்கிறது. அதை ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

முதலில் கணக்கு. 70 கிலோ ஆள், தண்ணீர், பையோடு 10 கிலோ வண்டி, மொத்தம் 80 கிலோ என்று வையுங்கள். 10% சரிவில் இந்த எடையைப் புவியீர்ப்புக்கு எதிராகவும் டயர் உராய்வுக்கு எதிராகவும் நகர்த்த ஏறக்குறைய 83 நியூட்டன் விசை வேண்டும். மிதியில் 180 வாட் தொடர்ந்து கொடுப்பவர், செயினில் போகும் சிறு இழப்பையும் கழித்தால், மணிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஏறுவார். ஒழுங்காக ஓட்டிப் பழகியவருக்கு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்தான் இது.

700×25 டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 2.56 மீட்டர் நகரும். 7.6 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 50 சுற்று. பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், அதாவது 60 சுற்று. பழைய பந்தய வண்டிகளில் வரும் 39-க்கு 25 என்றால் 39 சுற்றுதான் கிடைக்கும். வேகமும் வாட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒவ்வொரு மிதிக்கும் காலில் விழும் பாரம்தான் மாறுகிறது. 50 சுற்றுக்கும் 60 சுற்றுக்கும் நடுவே அந்தப் பாரம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மணி நேர ஏற்றத்தில் முட்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உட்கார்ந்தபடியே நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் குறையாமல் ஏற முடிய வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 6% சரிவில் இதே ஆள் 34-க்கு 28-இலேயே 75 சுற்றுக்கு மேல் மிதிப்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி போகும் சாலை மாதிரி நீளமாக, மிதமாக ஏறும் மலைக்கு மட்டும் போகிறவருக்கு ஆகவே எந்த மாற்றமும் தேவைப்படாமல் போகலாம். மசினகுடியிலிருந்து 36 வளைவுகளோடு ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை போன்ற செங்குத்தில் 34-க்கு 34 கூட அதிகம் இல்லை. எந்த மலை, எந்த எடை, எவ்வளவு வாட் என்று எழுதிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

முன்னால் மாற்றுவதா, பின்னால் மாற்றுவதா?

அநேகமாக எல்லாருக்கும் விடை பின்னால்தான். 28 பல்லிலிருந்து 34 பல்லுக்குப் போனால் கியர் சுமார் 18% இளகும். முன்னால் 36-ஐ 34 ஆக்கினால் 6%கூட இல்லை. 34-ஐ விட்டு 31 பல் உள்ள, மண்சாலை (கிராவல்) வண்டிக்கான கிராங்க் போட்டால் 9%. அதற்கு மிதிகளையும் செயின்ரிங்குகளையும் தாங்கும் முழு கிராங்கையே மாற்ற வேண்டும், சில வேளை செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவியான டிரெயிலியரில் முன்னால் இருப்பதையும். செலவிலும் கேசட்டும் செயினும்தான் குறைவு, அடுத்தது பின் டிரெயிலியர், கிராங்க் கடைசி.

11-34 கேசட்டைப் பற்றி ஒரு பயம் எல்லாக் குழுவிலும் உலவுகிறது: பல்லுக்குப் பல் இடைவெளி அதிகமாகிவிடும், சமதளத்தில் குழுவோடு ஓட்டும்போது சரியான கியரே கிடைக்காது என்று. 11 வேக (பின்னால் 11 பல்வட்டு உள்ள) ஷிமானோ கேசட்டுகளின் பல் எண்ணிக்கையை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். 11-28 என்பது 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. 11-34 என்பது 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. நடுவில் 15 முதல் 25 வரை இரண்டும் ஒன்றே! காணாமல் போவது 12-உம் 14-உம் மட்டும். 50 பல் செயின்ரிங்கில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 15 பல்லில் வேகம் மணிக்கு 38 கி.மீ., 14-இல் 40-ஐத் தாண்டும். ஆக 40 கி.மீ. வேகத்துக்கு மேல் நிலையாக ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இழப்பு. 30-35 கி.மீ. வேகக் குழுக்களில் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பயத்தில் பொருளே இல்லை.

11-32 வேறு மாதிரி: 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32. இது நல்ல சமரசம். பின் டிரெயிலியரை மாற்றாமல் தப்பிக்க வழி இருந்தால் மட்டும் இதை முதலில் யோசிக்கலாம். டிரெயிலியரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் 34-க்கே போய்விடுங்கள்.

டிரெயிலியர் தாங்குமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேசட்டை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, பின் டிரெயிலியரில் செயினை நடத்தும் மேல் கப்பி பெரிய பல்லில் உரசிக் கடகடவென்று சத்தம் வந்த பிறகு காரணம் தேடுகிறார்கள். பின் டிரெயிலியருக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அது ஏறக்கூடிய மிகப் பெரிய பல். மற்றொன்று மொத்தக் கொள்ளளவு, அதாவது எவ்வளவு தொய்வான செயினை, இரண்டு கப்பிகளையும் தாங்கும் அதன் கூண்டால் இழுத்துப் பிடிக்க முடியும் என்பது. முன் செயின்ரிங்குகளின் பல் வித்தியாசத்தையும் கேசட்டின் பல் வித்தியாசத்தையும் கூட்டினால் தேவையான கொள்ளளவு வரும்.

ஷிமானோவின் 11 வேக 105 வரிசையில் ஆர்7000-ஐ எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ் என்ற குட்டைக் கூண்டுக்கு எல்லை 30 பல், கொள்ளளவு 35. ஜிஎஸ் என்ற நடுத்தரக் கூண்டுக்கு 34 பல், கொள்ளளவு 39. 50/34-உம் 11-34-உம் சேர்ந்தால் 16-உம் 23-உம் ஆக 39, அச்சாகப் பொருந்துகிறது. அதற்கு முந்தைய 5800 வரிசையில் எஸ்எஸ்ஸுக்கு 28, ஜிஎஸ்ஸுக்கு 32 வரைதான். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரியவில்லையா? இரண்டு கப்பிகளின் நடு போல்ட்டுகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழ 55 மி.மீ. என்றால் குட்டை, 75 மி.மீ. பக்கம் என்றால் நடுத்தரம். மாடல் எண் டிரெயிலியரின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும்.

நிறுவனம் சொல்லும் எல்லையில் கொஞ்சம் இளக்கம் உண்டு. 30 வரை என்று சொல்லும் ஆர்7000 எஸ்எஸ் பல சட்டகங்களில் 32-ஐ ஏற்றுக்கொள்கிறது. டிரெயிலியர் தொங்கும் ஹேங்கர் சட்டகத்துக்குச் சட்டகம் நீளத்தில் மாறுவதால்தான் பக்கத்து வண்டியில் நடப்பது உங்கள் வண்டியில் நடக்காமல் போகிறது. 34-ஐ எஸ்எஸ்ஸில் திணிக்க வேண்டாம். ஹேங்கரை நீட்டும் சிறு உலோகத் துண்டுகள் விற்பனையில் உண்டு. அவை கப்பியைக் கீழே இறக்கிப் பெரிய பல்லுக்கு இடம் கொடுக்கும், ஆனால் கூண்டின் நீளத்தைக் கூட்டாது, கியர் மாறும் துல்லியமும் குறையும். ஜிஎஸ் டிரெயிலியர் கிடைக்கிற நிலையில் அந்த வழி தேவையில்லை. ஜிஎஸ் 28 முதல் 34 வரை எல்லாக் கேசட்டையும் தாங்குவதால், சமதளத்துக்குத் திரும்பி 11-28 போட்டாலும் அது வீணாகாது.

8, 9 வேக வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி: ஷிமானோவின் கிளாரிஸ் ஆர்2000, சோரா ஆர்3000 இரண்டிலும் ஜிஎஸ் டிரெயிலியர் 34 பல் வரை போகும், 11-34 கேசட்டும் கிடைக்கிறது. இன்னும் பெரிய பல் வேண்டுமென்றால் ஷிமானோவின் 9 வேக மலை பைக் டிரெயிலியர் இந்த ரோடு ஷிஃப்டர்களோடு (கியர் மாற்றும் கைப்பிடிகள்) அப்படியே வேலை செய்யும், கேபிள் இழுக்கும் அளவு ஒன்றுதான். 10 வேக மலை பைக் டிரெயிலியரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் கேபிள் அளவு வேறு, ரோடு ஷிஃப்டரோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. 10 வேக டியாக்ரா 4700 ஒரு விதிவிலக்கு. அதன் கேபிள் அளவு 11 வேகத்தைப் போன்றது, ஆகவே ஆர்7000 ஜிஎஸ் அதில் பொருந்தும்.

12 வேக 105 வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியையே தாண்டிவிடலாம். அதில் 11-34, 11-36 இரண்டும் வண்டியோடு வரும் டிரெயிலியரிலேயே ஓடும்.

பின்சக்கரத்தில் கேசட்டுக்குப் பதில் மரையிட்டுத் திருகும் ஃப்ரீவீல் இருக்கும் விலை குறைந்த 7 வேக வண்டிகளும் நம் ஊரில் நிறைய. அவற்றுக்கு 14-34 மெகாரேஞ்ச் ஃப்ரீவீல் கிடைக்கிறது. கழற்ற அதற்கென்ற தனிக் கருவி வேண்டும். ஓட்ட ஓட்ட ஃப்ரீவீல் இறுகிக்கொண்டே போவதால், கருவியை வைஸில் பிடித்துச் சக்கரத்தையே இடப்பக்கம் திருப்புவதுதான் எளிது.

வளையமும் செயினும்

ஷிமானோ எச்ஜி800 11-34 கேசட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் பெரிய பல் ஸ்போக் பக்கம் சாய்ந்து அமர்வதால், கேசட் 8, 9, 10 வேக ஃப்ரீஹப்பிலேயே (கேசட்டைத் தாங்கும், சக்கர நடுவிலுள்ள உருளை) அப்படியே உட்காரும். 11 வேக ரோடு ஃப்ரீஹப்பில் மாட்டும்போது பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்றை முதலில் போட வேண்டும். அது பெட்டியிலேயே வரும். அதை மறந்தால் கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் முழுக்க இறுகிய பிறகும் கேசட் ஆடும். இதனால் பழைய 10 வேகச் சக்கரம் வைத்திருப்பவரும் சக்கரத்தை மாற்றாமல் 11 வேகத்துக்குப் போக முடிகிறது. தெரிந்திருந்தால் ஒரு ஜோடிச் சக்கரத்தின் விலை மிச்சம்.

செயினைப் பழையதே வைத்துக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். தேய்ந்த செயின் புதுப் பல்லில் சரியாக உட்காராது, எழுந்து நின்று மிதிக்கும் நேரம் பார்த்து வழுக்கும். தேயாத செயினாகவே இருந்தாலும் நீளம் போதாது. கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து பின் அச்சு வரை 41 செ.மீ., அதாவது 16.1 அங்குலம் உள்ள சட்டகத்தைப் பாருங்கள். இதை இரண்டால் பெருக்கி, பெரிய செயின்ரிங் பல்லில் கால் பங்கு, கேசட்டின் பெரிய பல்லில் கால் பங்கு, மேலும் ஒன்று கூட்ட வேண்டும். 50-க்கு 28 என்றால் 52.8 அங்குலம் வரும், மேலே முழுதாக்கினால் 53, அதாவது 106 கண்ணி. 50-க்கு 34 என்றால் 54.3, முழுதாக்கினால் 55, அதாவது 110 கண்ணி. நான்கு கண்ணி கூட.

கணக்கைக் கையாலும் சரிபாருங்கள். புதுச் செயினை டிரெயிலியருக்குள் விடாமல் பெரிய செயின்ரிங், பெரிய பல் இரண்டின் மேலும் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். நீளம் குறைந்த செயினோடு தவறிப்போய்ப் பெரியதுக்குப் பெரியது போட்டால் டிரெயிலியர் முன்னால் இழுபட்டு ஹேங்கர் முறியும். சட்டகமே சேதமாகவும் கூடும். நீளம் கூடிய செயின் சிறியதுக்குச் சிறியதில் தொங்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் நீளமாகவே விடுங்கள். வேகத்துக்கு ஏற்ற அகலமுள்ள இணைப்புக் கண்ணியை மட்டும் பயன்படுத்துங்கள். 10 வேகத்துடையதை 11 வேகச் செயினில் போட்டால் பிடிமானம் இருக்காது.

மாட்டும் வேலை

கைவசம் இருக்க வேண்டியவை: லாக்ரிங் கருவி, கேசட் திரும்பாமல் பிடிக்கும் செயின் விப், செயின் வெட்டும் கருவி, 5 மி.மீ. ஆலன் கீ, கேபிள் கட்டர், கிரீஸ், புதுக் கியர் கேபிள் ஒன்று. டிரெயிலியரை மாற்றுகிற அன்றே கேபிளையும் பின்னால் வளையும் கேபிள் உறையையும் மாற்றிவிடுங்கள். மழையும் வியர்வையும் குடித்த பழைய உறையில் எவ்வளவு சரிசெய்தாலும் கியர் தயங்கும்.

சங்கிலியைச் சின்னப் பல்லில் விட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். செயின் விப்பால் கேசட்டைப் பிடித்துக்கொண்டு லாக்ரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டப்பென்று விடும். ஃப்ரீஹப்பைத் துடைத்து மிக மெல்லிய கிரீஸ் பூசுங்கள். அலுமினிய ஃப்ரீஹப்பில் பல் கடித்த பள்ளங்கள் இருந்தால் மெல்லிய அரத்தால் விளிம்பை மட்டும் சீவலாம். ஃப்ரீஹப்பின் வரிகளில் ஒன்று மட்டும் அகலத்தில் மாறியிருக்கும், கேசட்டின் ஒவ்வொரு துண்டும் அந்த இடத்தில்தான் நுழையும். நுழையாவிட்டால் அடித்து ஏற்றாதீர்கள், திருப்பிப் பாருங்கள். லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் சுமார் 13 கிலோ அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இறுக்கியதும் பெரிய பல்லைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆடினாலும் வளையம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

டிரெயிலியரை ஹேங்கரில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டரில் மாட்டுங்கள். அதற்கு முன் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளவுக் கருவி வைத்துப் பார்ப்பது மிக முக்கியம். பஸ்ஸின் டிக்கியிலும் ரயிலிலும் பயணம் செய்த வண்டிகளில் வளைந்த ஹேங்கர் சாதாரணம். வளைந்த ஹேங்கரில் எத்தனை மணி நேரம் திருகினாலும் 11 கியரும் ஒருசேர ஒத்துவராது.

இப்போது மூன்று திருகுகள். எச் திருகு சின்னப் பல்லின் பக்கம் எல்லை, எல் திருகு பெரிய பல்லின் பக்கம். எல் திருகை ஏனோதானோவென்று விட்டால் மலையின் மிகச் செங்குத்தான இடத்தில், கடைசி கியரைப் போடும் அந்தக் கணத்தில், டிரெயிலியர் ஸ்போக்குக்குள் போகும். சக்கரமும் டிரெயிலியரும் ஹேங்கரும் ஒன்றாகப் போய்விடும். கேபிள் மாட்டுவதற்கு முன்பே டிரெயிலியரைக் கையால் பெரிய பல் வரை தள்ளி, கப்பி பெரிய பல்லுக்கு நேர்கீழே நிற்குமாறு எல் திருகை வையுங்கள். பின் கேபிளை 6-7 நியூட்டன் மீட்டரில் பிடித்து, கேபிளின் இறுக்கத்தை மாற்றும் பேரல் அட்ஜஸ்டரால் கால் கால் சுற்றாகச் சரிசெய்யுங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடப்பக்கம், சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம்.

மூன்றாவது பி திருகு. சின்னச் செயின்ரிங்கிலும் பெரிய பல்லிலும் செயினை வைத்து, மேல் கப்பியின் முனைக்கும் பெரிய பல்லின் முனைக்கும் நடுவே 5-6 மி.மீ. இடைவெளி வரும்வரை திருகுங்கள். பழைய அமைப்பு டிரெயிலியரில் வலப்பக்கம் திருகினால் இடைவெளி கூடும். புது அமைப்பில் திருகிப் பார்த்துக் கண்ணால் முடிவு செய்யுங்கள். இடைவெளி குறைந்தால் உரசும். கூடினால் எல்லாக் கியரும் மந்தமாக மாறும்.

முன்பக்கம் கைவைத்தே தீர வேண்டியவர்கள்

52/36 கிராங்கில் உள்ளிருக்கும் 36-ஐ மட்டும் 34 ஆக்கும் யோசனை அடிக்கடி வரும். ஷிமானோ முன் டிரெயிலியர் 16 பல் வித்தியாசத்துக்குச் செய்தது. இது 18 ஆகிவிடும். ஓடும், ஆனால் செயின் உள்பக்கம் விழும் வாய்ப்பு கூடும். செய்வதானால் செயின் விழாமல் தடுக்கும் சிறு கம்பியைச் சட்டகத்தில் பொருத்துங்கள். இரண்டு ரிங்கையும் மாற்றி 50/34 ஆக்குவது சரியான வழி; 5800, ஆர்7000 கிராங்குகளில் அதே கிராங்கே இரண்டையும் ஏற்கும். பெரிய ரிங் சிறுத்தால் முன் டிரெயிலியரையும் இறக்க வேண்டும், கூண்டின் வெளித்தகட்டுக்கும் பெரிய ரிங்கின் பல்முனைக்கும் 1 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் 130 மி.மீ. உள்ள பழைய 53/39 கிராங்கில் 38-க்குக் கீழே எந்த ரிங்கும் உட்காராது. அங்கே கிராங்க் மாற்றுவது ஒன்றே வழி. ஷிமானோவின் கிராவல் வரிசையான ஜிஆர்எக்ஸின் 48/31 கிராங்க் செயினை 2.5 மி.மீ. வெளியே தள்ளும். அதற்கு ஜிஆர்எக்ஸ் முன் டிரெயிலியரும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சோதனை ஓட்டம்

முதல் சோதனை ஸ்டாண்டில். பெரியதுக்குப் பெரியதை மிதியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் போடுங்கள். டிரெயிலியர் கூண்டு முன்னோக்கி நீண்டாலும் இன்னும் சிறிது வளைவு மிச்சம் இருக்க வேண்டும். பிறகு சிறியதுக்குச் சிறியது. செயின் தன்மேலேயே உரசக்கூடாது. கடைசியாகச் சின்னச் செயின்ரிங்கில் பெரிய பல்லைப் போட்டு, கூண்டுக்கும் ஸ்போக்குக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

அடுத்தது ஊருக்குள் இருக்கும் மேம்பாலம். ஸ்டாண்டில் ஒழுங்காக மாறும் கியர் பாரம் ஏறும்போது வழுக்குவது உண்டு. மலைக்குப் போவதற்கு முன் அது தெரிய வேண்டும். ஏற்றத்தில் கியரை மாற்றும் பழக்கத்தையும் அங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். முன் ரிங்கைச் செங்குத்து தொடங்குவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும், மிதியில் பாரம் முழுவதும் இருக்கும்போது இறக்கினால்தான் செயின் விழுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடப்பக்க வளைவின் உள்விளிம்பில்தான் ஏற வேண்டியிருக்கும், அங்கே சில மீட்டருக்குச் சரிவு திடீரென்று கூடும். வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு பல் ஏற்றிவிடுங்கள், 30-இல் வந்தால் 34-க்கு. வளைவு முடிந்ததும் பழைய பல்லுக்குத் திரும்பலாம்.

புதுக் கேபிள் முதல் நூறு இருநூறு கிலோமீட்டரில் சற்று தளரும், பேரல் அட்ஜஸ்டரில் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். உங்கள் சட்டகத்துக்கான ஹேங்கர் ஒன்றையும் இணைப்புக் கண்ணி ஒன்றையும் சீட்டுப் பையில் போட்டுவையுங்கள். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறுபடும், மலையடிவாரத்து சைக்கிள் கடையில் அது கிடைக்காது.